கொடிக்குத் தலைமாடு எது

மலை இறங்கி வந்து ஓடையில் கால் நனைக்கிற வண்டாடும்பொட்டல் என்ற ஊரில், மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றிக் கொடுக்கிற ஆவுடையப்பனின் மூன்றாவது மனைவி, கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் காலையில், ஊர் நீளத்துக்கும் தன் உடம்பை நீட்டிக்கொண்டு, வழியெல்லாம் பூத்துக்கொண்டு, புருஷன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவள் ஒரு கொடி என்பதை யாரும் தனியாக எடுத்துச் சொல்லவில்லை. மாசி மாதம் அவளுக்கு மஞ்சள் கயிறு ஏறியபோது பாதி ஊர் கூடவே போய் அட்சதை போட்டிருந்தது.

ஆவுடையப்பனுக்கு முதல் மனைவி பிரசவத்தில் போனாள், இரண்டாமவள் மஞ்சள் காமாலையில் போனாள், மூன்றாவதாக எவள் வந்தாலும் அவளும் தங்க மாட்டாள் என்பதில் அந்தத் தெருவில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அதற்கு வழியும் அந்தத் தெருவிலேயே இருந்தது. ஒரு மரத்துக்கோ செடிக்கோ மூன்றாவதாகத் தாலி கட்டி, கட்டிய கையோடு அதை வெட்டிப் போட்டு, தலை முழுகி எழுந்து, அதற்குப் பிறகு வருகிறவளை நான்காவது என்று கூட்டி வருவார்கள். வழக்கமாக வாழைதான். ஆனால் ஆவுடையப்பனின் அம்மா உலகம்மாள், வாழை பக்கக்கன்று விடும், வெட்ட வெட்ட முளைத்து வரும், அந்தத் தொல்லையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதனால் ஜோசியர் பலவேசம் இரண்டு நாள் யோசித்து, ஓடைக்கு அக்கரையில் காட்டுக்குள் மரத்து உச்சியில் பூத்துக் கிடந்த ஒரு குருக்கத்திக் கொடியைக் காட்டினார். அது வெள்ளை வெள்ளையாகப் பூத்து, ஐந்து இதழில் ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் தீற்றி, சுற்று வட்டாரமே மணக்க நின்றதால் பெண் பார்த்த எல்லோருக்கும் பிடித்துப்போனது. கைக்கு எட்டிய உயரத்தில் தண்டில் விரலி மஞ்சள் கோத்த கயிறு ஏறியது. ஆவுடையப்பன் அரிவாளால் வெட்டினான். ஓடையில் முழுகினான். பங்குனி உத்திரத்தன்று பிரமுவை நான்காவது என்று கட்டிக்கொண்டு வந்தான்.

கொடி வந்த அன்றைக்குப் பிரமுவுக்கு ஏழாவது மாதம்.

ஓடைப் பக்கத்து முள்ளுக்காட்டிலிருந்து தென்னந்தோப்பு வேலியைப் பிடித்து, வேலியிலிருந்து பஸ் நிறுத்தக் கூரைக்குத் தாவி, ரேஷன் கடைத் தகரத்தில் தவழ்ந்து, மாதா சிலை நிற்கிற கெபியை ஒரு சுற்றுச் சுற்றி, விளக்குக் கம்பம் விளக்குக் கம்பமாகத் தோளில் கை போட்டுக்கொண்டு போகிற மாதிரிப் போய், உலகம்மாள் வீட்டு அடுப்படி ஜன்னல் கம்பியில் முடிந்தது கொடி. முடிகிற இடத்தில், ஜன்னலுக்கு அரை முழம் கீழே, பழைய சாக்குகளுக்கு மேலாக, வெயிலிலும் மழையிலும் வெளுத்துப்போன மஞ்சள் கயிறு இருந்தது, கயிற்றில் சுருங்கிப்போன விரலி மஞ்சளும் இருந்தது. தாலி அங்கே இருந்ததால் கழுத்து அங்கே, கழுத்து அங்கே இருந்ததால் தலை அங்கே, தலை வீட்டைப் பார்த்து இருந்ததால் வந்திருக்கிறாள் என்று ஊர் சொன்னது. அவள் எந்த இடத்திலிருந்து புறப்பட்டாள் என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஓடையில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடியது, அக்கரையில் யானை நடமாட்டம் என்று வனத்துறை தட்டி வைத்திருந்தது, அதோடு, காட்டிலிருந்து வந்தவள் காட்டிலிருந்துதானே வந்திருப்பாள்.

ஊர் அவளுக்கு இடம் கொடுத்துப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. தென்காசி பஸ் வந்து நின்றால் கண்டக்டர் இறங்கி மூங்கில் கம்பால் கொடியைத் தூக்கிப் பிடிப்பார், டிரைவர் அடியில் நுழைத்து ஓட்டிக்கொண்டு போவார், "மைனியைத் தூக்கியாச்சு, போலாம் ரைட்" என்று அண்ணன் பெண்டாட்டியைச் சொல்கிற தொனியில் கண்டக்டர் சொல்ல, உள்ளே இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். மின்வாரியத்திலிருந்து வந்த லைன்மேன் கம்பத்தடியில் வெகுநேரம் நின்று, "லைன் மேல ஏறினா வெட்டணும்னுதான் ரூலு, ஆனா வாக்கப்பட்டு வந்தவளை எந்தக் கணக்குல வெட்டுதது?" என்று யாரிடமோ கேட்டுவிட்டு, கம்பிக்கும் கொடிக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பிளந்து மாட்டிவிட்டுப் போனார். பெண்கள் வெள்ளிக்கிழமை மாலையில் அவரவர் வாசலுக்கு நேரே ஓடுகிற பகுதிக்கு மஞ்சள் பூசினார்கள். மாதா கெபிக்காரர்கள் முதலில் முகம் சுளித்து, பிறகு கெபியைச் சுற்றிய பகுதி மட்டும் ஞானஸ்நானம் வாங்கியது மாதிரி அடக்கமாகப் பூக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். டீக்கடையில் ஆவுடையப்பனைப் பார்த்தால், "என்னவே, ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்காளுவளா?" என்று கேட்பார்கள். அவன் கையில் ஒட்டிய வார்னிஷைச் சுரண்டிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போவான்.

எனக்கு அந்த ஊரில் சொந்தம் என்று யாரும் கிடையாது. வெளிநாட்டில் ஒரு தாவரக் காப்பகத்தில், காய்ந்து தட்டையாகிப் போன கொடிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டே நாற்பது வயதைத் தாண்டியவள், உயிரோடு ஏறுகிறவற்றைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாமே என்று மலையடிவாரத்தில் வாடகைக்கு வீடு தேடியபோது கிடைத்த ஊர் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களைக் காட்டோரமாகக் கூட்டிப்போய், எது இந்த மண்ணிலேயே பிறந்த கொடி, எது தோட்டத்துக்கு என்று கொண்டுவந்து காட்டுக்குள் தப்பிப்போன கொடி என்று காட்டுவேன். அதனால் ஊரில் எனக்குக் கொடியக்கா என்று பெயர். கூட்டிப்போகிற எல்லோருக்கும் முதலில் ஒன்று சொல்வேன். மேலே கண்ணில் படுகிற பூவையும் கீழே கையில் பிடிக்கிற தண்டையும் ஒரே கொடி என்று நினைக்காதீர்கள், ஒரு மரத்தில் ஐந்தாறு கொடிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஏறும், பூ ஒருத்தியுடையதாக இருக்கும், தண்டு இன்னொருத்தியுடையதாக இருக்கும்.

அதனால்தான் பலவேசம் என் வீட்டுக்கு வந்தார்.

"கொடியக்கா, நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும். வந்திருக்கறது நாம தாலி கட்டினவதானா, வேற எவளுமா?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போறிய?" என்று கேட்டேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். அவள்தான் இவள் என்றால் மூன்றாவது இன்னும் உயிரோடு இருக்கிறாள், பிரமு நான்காவது, ஆபத்தில்லை, ஆனால் இவளை வெட்டக் கூடாது, பிரமு காலம் முழுக்க மூத்தவளுக்கு அடங்கி அந்த ஜன்னலுக்குக் கீழே சமைக்க வேண்டும், கொடி என்றைக்குக் காய்கிறதோ அன்றைக்கு என்ன ஆகும் என்று அவருக்கே தெரியாது. அவள் இவள் இல்லை என்றால், தாலி ஏறியது ஒன்றில், அரிவாள் விழுந்தது இன்னொன்றில் என்று ஆகிறது, கல்யாணமே சரியாக நடக்கவில்லை என்று ஆகிறது, அப்போது பிரமுதான் மூன்றாவது.

"ஏழு மாசம்" என்றார். "மொதக்காரியும் பிரசவத்துலதான் போனா. ஒண்ணு சொன்னா ஒண்ணு இடிக்கி."

இதற்குள் பிரமுவின் அண்ணன் ஐயம்பெருமாள் கடையநல்லூரிலிருந்து தன் மினி லாரியில் வந்து இறங்கியிருந்தான். வண்டியில் அரிவாளும் இருந்தது, தங்கச்சியை ஏற்றிக்கொண்டு போக மெத்தையும் இருந்தது. கொடியை வெட்டுவதா தங்கச்சியைக் கூட்டிப்போவதா என்று அவனுக்கும் தெரியாததால் இரண்டையும் கொண்டுவந்திருந்தான். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு சொல்லுங்க. இல்லைன்னா நான் வெட்டிட்டு, இவளையும் ஏத்திட்டுப் போயிருவேன். அப்புறம் பிள்ளையைப் பாக்க யாரும் வரக் கூடாது" என்றான். அவன் கூட்டிப்போனால் திரும்பி அனுப்ப மாட்டான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆவுடையப்பன் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு, யாருடைய வீட்டிலோ நடக்கிற தகராறை வேடிக்கை பார்க்க வந்தவன் போல நின்றான்.

நான் கொடியைப் பார்க்கத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த முறைகள் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். ரேஷன் கடைக்கு மேலே இலையைக் கிள்ளினால் பால் வடிந்தது, கசக்கினால் வேலிப்பருத்தி நாற்றம் அடித்தது. பஸ் நிறுத்தத்தில் கிள்ளினால் பாலே இல்லை, கூரை முழுக்க நீலச் சங்குப்பூ. கெபிக்குப் பக்கத்தில் இலையின் நுனியே சுருண்டு கம்பியைப் பற்றியிருந்தது, நெருப்பு மாதிரி செங்காந்தள் பூத்திருந்தது. தோப்பு வேலியில் இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளிபோல மின்னியது, அது முசுண்டை. ஆனால் தண்டு எந்த இடத்திலும் அறுபடவில்லை. கட்டைவிரலை வைத்துத் தடவிக்கொண்டே போனால், கணுவுக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் வேறொரு குடும்பம், நடுவில் தையல் இல்லை, ஒட்டு இல்லை, ஒரு தழும்புகூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் எனக்கு இரண்டு மொழியில் பெயர் தெரியும், முழுசுக்கும் சேர்த்துச் சொல்ல இரண்டிலும் ஒரு பெயர் இல்லை.

நான் எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் அந்த இடத்துக்காரர்கள் வந்து எனக்கு உதவி செய்தார்கள். தோப்புக்காரர் இது முசுண்டைதான், சந்தேகமே வேண்டாம் என்றார். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள், சங்குப்பூவைப் பார்த்தும் தெரியவில்லை என்றால் என்ன படித்தீர்கள் என்றார்கள். கெபிப் பக்கத்துக்காரர் ஒருவர், மற்ற தெருவில் இருப்பதெல்லாம் வேறு கொடி, எங்கள் தெருவில் இருப்பது மட்டும்தான் அசல் என்று ரகசியமாகச் சொன்னார். சாயங்காலம் வரை கேட்டுக் கேட்டு, எல்லோரும் சொல்வது சரி என்றும், யார் சொல்வதும் சரியில்லை என்றும் எனக்கு ஒரே சமயத்தில் தோன்றியது. அதற்கு மேல் என் தலைக்குள் எதுவும் நிற்கவில்லை.

அடுப்படிக்குப் போனபோது உலகம்மாள் முதல் கரண்டிச் சோற்றை இலையில் வைத்து ஜன்னலுக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியளா தாயி, வந்து இத்தனை நாளாச்சு, ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. நானும் மூணு மருமக பாத்துட்டேன், இவளை மாதிரி ஒருத்தி இல்லை."

"வாய் இருந்தாத் தெரியும்" என்றாள் பிரமு, அடுத்த உலைக்கு அரிசி களைந்துகொண்டே.

"கேட்டியளா? இதைத்தான் சொல்லுதேன்."

பிரமு சிரிக்கவில்லை. கையை உதறிவிட்டு என்னைப் பார்த்து, "யக்கா, எனக்கு நல்லது கெட்டதுன்னு ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் இந்த வீட்டுல எத்தனையாவதுன்னு மட்டும் சொல்லுங்க. பிள்ளை பொறக்க முன்னாடி தெரியணும்" என்றாள். அப்படியே களைந்த தண்ணீரை ஜன்னல் வழியாக வெளியே ஊற்றினாள். எட்டு மாதமாக அவள் அப்படித்தான் ஊற்றுகிறாள்.

"எனக்குத் தெரியலை பிரமு" என்றேன். "பூவைப் பாத்தா ஒண்ணு தோணுது, இலையைப் பாத்தா ஒண்ணு தோணுது. இனிமே ஒரு வழிதான் இருக்கு. தண்டை விடாமப் புடிச்சுட்டே வேர் வரைக்கும் போகணும். வேர்ல என்ன இருக்குதோ அதுதான் அவ."

"அப்பம் நானும் வாரேன்."

"இந்த வயித்தோடயா?"

"அவ வந்த வழியிலதானே போறோம். அவளால வர முடிஞ்சா என்னால போக முடியாதா?"

மறுநாள் காலையில் பிரமு ஜன்னலுக்கு வெளியே போய் நின்று, மஞ்சள் கயிறு இருந்த இடத்தில் கொடியைப் பிடித்தாள். நான் அவளுக்கு முன்னால், ஐயம்பெருமாள் அவளுக்குப் பின்னால். ஒரு கணுவை விட்டுவிடாமல், ஒருவர் கையை எடுப்பதற்குள் அடுத்தவர் கை வைத்து, கம்பம் கம்பமாக நாங்கள் போனபோது, பார்த்தவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கூட வந்தார்கள். கெபியைச் சுற்றும்போது நாங்களும் சுற்றினோம். ரேஷன் கடைக்காரர் ஏணி போட்டு எனக்காக மேலே ஏறித் தடவிக்கொண்டு வந்தார். பிரமு அடிக்கடி நின்று மூச்சு வாங்கினாள், நின்றபோதும் கொடியை விடவில்லை. பஸ் நிறுத்தத்தில் அவள் நிற்கும்போது, என் கையில் இருந்த இலைக்காம்பின் கக்கத்தில் ஒரு மொட்டு இருப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கொடிக்கும் இலைக்காம்பும் தண்டும் சேருகிற கக்கத்தில்தான் மொட்டு வரும், கக்கம் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் கொடி வளர்கிறது, இது குழந்தைகளுக்கும் சொல்லித்தருகிற விஷயம்.

கக்கம் ஓடைப் பக்கமாகத் திறந்திருந்தது.

அடுத்த இலையைப் பார்த்தேன். அதற்கு அடுத்ததைப் பார்த்தேன். திரும்பி, வந்த வழியில் இருந்த இலைகளைப் பார்த்தேன். எல்லாம் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடையைப் பார்த்து நின்றன. பூவைப் பார்த்தும் பாலைப் பார்த்தும் நாற்றத்தைப் பார்த்தும் முந்தின நாள் முழுக்க அலைந்த நான் இதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் தலை எங்கே என்று எனக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது.

"என்ன யக்கா?" என்றாள் பிரமு.

"தலை அங்கன இல்லை" என்றேன். "நாம வேரைத் தேடிப் போகலை. தலையைத் தேடித்தான் போயிட்டிருக்கோம்."

கூட்டத்தில் யாருக்கும் புரியவில்லை. தாலி இருக்கிற இடம்தானே கழுத்து என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார். நான் வாயால் சொல்லிப் பார்த்தேன், விரலால் காட்டிப் பார்த்தேன், அவர்கள் ஒவ்வொரு கக்கமாகக் குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்தார்கள். கடைசியில் ஐயம்பெருமாள்தான் வீட்டுக்கு ஓடிப்போய், ஜன்னலுக்குக் கீழே பழைய சாக்குகளையும் உடைந்த தொட்டியையும் நகர்த்திப் பார்த்துவிட்டு, ஓடி வந்தான். "அடித்தண்டு அங்கனதான் இருக்கு. என் மணிக்கட்டுத் தண்டி. அடுப்படித் தண்ணி போற குழியில வேர் விட்டுருக்கு."

எல்லோரும் கூட்டத்தோடு வந்திருந்த உலகம்மாளைப் பார்த்தார்கள். அவள் வாயைப் பொத்தியிருந்த முந்தானையை எடுத்தாள்.

"தாலி ஏறுன துண்டைக் காட்டுல விட்டா எவளாவது எடுத்து என் மகனுக்குச் செய்வினை வச்சிருவான்னு பயந்துல்லா கொண்டாந்தேன்" என்றாள். "கயித்துக்கு மேல ஒரு சாண், கீழ ஒரு சாண். காய்ஞ்ச குச்சி மாதிரித்தான் இருந்துச்சு. தொட்டிக்குப் பின்னாடி சொருகி வச்சேன். குச்சி முளைக்கும்னு நான் கண்டேனா?"

பூ இருந்தது குருக்கத்தியில். கயிறு ஏறியதும் அரிவாள் விழுந்ததும் அதோடு முறுக்கிக்கொண்டிருந்த வேறொன்றில். மாசி வெயிலில் இலை உதிர்ந்து நின்ற அது என்னவென்று யாரும் பார்க்கவில்லை. தோல் உரிகிற விதத்தைப் பார்த்தால் சீந்திலாக இருக்கலாம், வெட்டி எறிந்தாலும் காற்றைக் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கிற ஜாதி அது. ஆனால் வேரில் சீந்தில் என்றால் கெபியில் ஏன் செங்காந்தள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கட்டியதும் இவளைத்தான், வெட்டியதும் இவளைத்தான், இவள் சாகவுமில்லை, வரவுமில்லை. எட்டு மாதமாகப் பிரமு ஊற்றிய அரிசி களைந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு அந்தக் குழியிலேயே இருந்திருக்கிறாள்.

"அப்பம் இவ எங்கன போறா?" என்றாள் பிரமு. யாரும் பதில் சொல்வதற்குள் மறுபடி கொடியைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள்.

முள்ளுக்காட்டில் ஐயம்பெருமாளின் அரிவாளுக்கு வேலை கிடைத்தது. கொடியில் படாமல் முள்ளை மட்டும் வெட்டி அவன் வழி செய்ய, நாங்கள் ஓடைக்கரைக்கு வந்தோம். கரையில் இருந்த கடைசி வேலிக்கல்லைச் சுற்றி ஏறி, அதற்கு மேல் பிடிக்க ஒன்றும் இல்லாமல், கொடியின் நுனி தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பென்சிலைவிட மெலிதாக, வெளிறிய பச்சையில், இலை விரியாத நுனி. அது காற்று இல்லாதபோதும் மெல்ல வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. இருட்டில் சுவிட்சைத் தேடுகிற கை மாதிரி அக்கரைப் பக்கமாக நீண்டு, ஒன்றும் அகப்படாமல் திரும்பி வந்து, மறுபடி நீண்டது. அக்கரையில் மரம் இருந்தது, எட்டவில்லை.

கூட்டம் கரை விளிம்புக்கு வந்து, நுனி நீளுகிற பக்கம் பார்த்தது.

"அவ ஊருக்குப் போறா" என்றாள் பிரமு. பிறகு திரும்பி, கூட்டத்தின் கடைசியில் நின்ற புருஷனைக் கூப்பிட்டாள். "இங்கன வாங்க. இவளைத் தீர்த்து விடுங்க."

அந்தத் தெருவில் புருஷனும் பெண்டாட்டியும் பிரிவதற்கு ஒரு முறை உண்டு. நாலு பேர் முன்னால் அவன் ஒரு துரும்பைக் கிள்ளி இரண்டாக்கி, ஒரு பாதியைப் பெண் வீட்டார் கையில் கொடுத்து, மறு பாதியைத் தூர எறிந்துவிட்டால், அத்தோடு அவள் வேறு, அவன் வேறு. செத்தவளாகவும் இல்லாமல், உடன் வாழ்கிறவளாகவும் இல்லாமல், ஒருத்தி ஒரு வீட்டை விட்டு வெளியே போக அவர்களிடம் இருந்த ஒரே வாசல் அதுதான். இத்தனை நாளும் அது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. கூட்டத்தில் நின்ற பலவேசம் கண்ணை மூடிக் கணக்குப் பார்த்தார். தீர்த்துவிட்டவள் எண்ணிக்கையில் நிற்பாளா மாட்டாளா என்று தன் அப்பா ஏதோ சொல்லியிருக்கிறார், நிற்பாள் என்றுதான் சொன்னாரா என்பது சரியாக நினைவில்லை என்றார். "ஒங்க நினைப்பு வாரதுக்குள்ள எனக்குப் பிள்ளை பொறந்துரும்" என்றாள் பிரமு.

"பொண்ணு வீட்டுக்காரங்கன்னு யாரு நிக்கது?" என்று ஒருவர் கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்தக் கூட்டத்தில் அவளுடைய ஆட்களைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அவர்கள் நினைத்தார்கள். நான் நுனிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

பலவேசம் முறைப்படி கேட்டார். "பொண்ணு எந்த வீடு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குத்தான் நான் என் வயதில் பாதியைச் செலவு செய்திருந்தேன். அந்த நுனியைப் பார்த்தேன். விரியாத அந்த இலை இதயம் போல வருமா, விரல் விரலாக வருமா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அது எதுவாகவும் ஆகலாம்போல இருந்தது.

"தெரியாது" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "தெரியாத வீட்டுப் பொண்ணு" என்று கூட்டத்துக்குச் சொன்னார். அதில் குறை இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

ஆவுடையப்பன் கரையில் கிடந்த வைக்கோல் துரும்பு ஒன்றை எடுத்தான். செம்புக் கம்பியை நூலிழையாகச் சுற்றுகிற விரல்களால் அதில் ஒட்டிய மண்ணைத் துடைத்தான். அவன் கொடியிடம் குனிந்து ஏதோ சொன்னான். பக்கத்தில் நின்ற எனக்கு, "வெட்டினப்போ வலிச்சிருக்கும்" என்று கேட்டது. வேறு ஏதாவது சொன்னானோ என்னவோ. துரும்பைக் கிள்ளினான். ஒரு பாதியை என் உள்ளங்கையில் வைத்தான். மறு பாதியை எறிவதற்குக் கையை ஓங்கியபோது பிரமு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இங்கன குடுங்க."

"இது தூரப் போடுததுல்லா."

"குடுங்க. எங்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்."

கொடுத்தான். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆவுடையப்பன் அவள் இடுப்பையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான், அவள் அவனைப் பார்க்கவில்லை.

பிறகு நானும் ஐயம்பெருமாளும் ஓடையில் இறங்கினோம். இடுப்பளவுத் தண்ணீரில் அவன் என் கையைப் பிடித்துக்கொள்ள, நான் நுனியை இரண்டு விரலால் ஏந்திக்கொண்டு போனேன். பின்னால் கொடி தளர்ந்து தளர்ந்து கொடுத்துக்கொண்டே வந்தது, யாரோ நூல்கண்டைக் கையில் வைத்து விட்டுக்கொடுப்பதுபோல. அக்கரையில் முதல் மரத்தின் பட்டையில் நுனியைச் சாய்த்தேன். அது ஒருமுறை தடவிப் பார்த்தது. பிடித்துக்கொண்டது. என் பாதித் துரும்பை மரத்தடியில் போட்டுவிட்டுத் திரும்பினேன். நாங்கள் கரை ஏறும்போது, ஊருக்குள் கெபிப் பக்கம் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது என்று சொல்ல ஒருவர் ஓடி வந்துகொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் ஜன்னலடியில் தண்டு சுருங்கி, மஞ்சள் கயிறு தானாகக் கழன்று, அடுப்படித் தண்ணீரில் மிதந்தது. ஐயம்பெருமாள் மெத்தையை விரிக்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். தங்கச்சி வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

மாசியில் தென்காசி ஆஸ்பத்திரியில் பிரமுவுக்கு வலி ஒரு நாள் முழுக்க நீடித்து, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். வாசலில் உலகம்மாளும் பலவேசமும், அவள் மூன்றாவதா நான்காவதா என்று தாழ்ந்த குரலில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். உடம்பில் இருப்பதையெல்லாம் கழற்றிக் கொடுக்கச் சொன்னாள் நர்ஸ். பிரமு கம்மலைக் கழற்றினாள், வளையலைக் கழற்றினாள், தாலியையும் கழற்றி ஆவுடையப்பன் கையில் கொடுத்தாள். வலது கையை மட்டும் திறக்கவில்லை. அதற்குள் என்ன என்று நர்ஸ் அவனைக் கேட்டாள். அவன் தெரியாது என்றான்.

பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்தார்கள். மயக்கம் தெளியாமல் அவளை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது அந்தக் கை இன்னும் மூடியே இருந்தது. ஊசி போட வந்த நர்ஸ் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே வியர்வையில் ஊறி ஒட்டியிருந்ததை எடுத்து, குப்பை என்று நினைத்து எறியப் போனாள்.

"அதைப் போட்டுராதீங்க" என்றான் ஆவுடையப்பன். ஒரு கையில் அவள் தாலி இருந்தது. மறு கையால் அந்தப் பாதித் துரும்பை வாங்கி, அவள் உள்ளங்கையில் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து, விரல்களை மூடிவிட்டான்.